எட்டாம் நம்பர் காரின் மூக்கில் ஒரு பொட்டு

கண்ணீர் அஞ்சலி பேனருக்கான ஆர்டர் எங்கள் கடைக்குப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வரும். முதலில் படம், பிறகு பெயர், அதன்பின் "அண்ணே, கொஞ்சம் அவசரம்" என்று ஒரு குரல். அன்று காலையும் அப்படித்தான் வந்தது. ஒரு பைக்குக்கு நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தவன் போனை எடுத்துப் பார்த்தேன். ஆரோக்கியராஜின் முகம். பிறந்தநாள் பேனராக இருக்கும், இந்த வயதில் இந்த மனிதருக்கு ஏன் இந்த ஆசை என்று சிரித்துக்கொண்டேன். அடுத்து வந்த செய்தியில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள் இருந்தன.

விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. பேனரை நானே அடித்தேன். ஆழ்ந்த இரங்கல், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று நாங்கள் எல்லோருக்கும் போடும் வரிகள் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் போட மனம் வரவில்லை. வாங்க வந்த அவர் மருமகன், "இன்னாங்க, எடம் காலியா வுட்டுட்டீங்க?" என்று கேட்டார். அந்தக் காலி இடத்தில் போட்டிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் பல்செட்டு போட்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் செய்த பல்லாக இருக்கும். ஆனால் அவர் முகம் அவர்களுக்குத் தெரியாது. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தன் லேபில் உட்கார்ந்து இவர் பல் செய்து அனுப்புவார். நான் அவரை "டாக்டரே" என்று கூப்பிட்டு வம்புக்கு இழுப்பேன். "டாக்டரு சொல்றத செய்யறவம்பா நானு" என்று ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் திருத்துவார். அவருக்கு உதவியாக, பிளாஸ்டர் கலக்கவும் லேபைப் பெருக்கவும் அஞ்சலை அக்கா இருந்தார். அந்த லேபில் சத்தம் போடும் உரிமை அஞ்சலை அக்காவுக்கு மட்டுந்தான் இருந்தது.

அவர் முதன்முதலில் என் கடைக்கு வந்தது ஒரு காருக்கு ஸ்டிக்கர் கேட்டு. "வண்டி எங்க நிக்குது?" என்றேன். சட்டைப் பையிலிருந்து பல்செட்டு வைத்துக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சின் மேல் வெள்ளையாக ஒரு ரேஸ் கார். ஒற்றை ஆள் உட்காரும் வகை, என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். துண்டு துண்டாகத் தபாலில் வந்த ஏதோ ஒரு வெளிநாட்டுப் பொம்மைக் காரை அறுத்து, தேய்த்து, வேறு காராக மாற்றியிருந்தார். மூக்குப் பகுதியைப் பல்செட்டுக்கு ஈறு செய்யும் பிங்க் பொருளில் வார்த்து, மேலே வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார். ரோட்டில் கரும்பு லாரி போகிற தூசி ஒட்டக் கூடாது என்று பாத்ரூம் தரையை நனைத்துவிட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அடித்த பெயின்ட் அது. வீட்டில் எல்லோரும் வெளியே வரிசையில் நின்றார்களாம்.

நான் ஒட்டும் ஸ்டிக்கரை அதில் ஒட்டினால் கைக்குழந்தைக்கு அப்பன் சட்டையை மாட்டிய மாதிரி இருக்கும் என்று சொன்னேன். அது அவருக்கே தெரிந்திருந்தது. டீகால் என்று ஒன்று உண்டு என்றார். அதற்கென்று இருக்கும் தாளில் பிரின்ட் எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்தால், படம் மட்டும் மெல்லிய தோலாகத் தாளிலிருந்து வழுக்கி வரும்; பிரஷ்ஷால் தள்ளி வண்டியின் மேல் உட்கார வைக்க வேண்டும். தாளையும் அவரே வாங்கி வந்திருந்தார். எனக்குத் தெரியாத வேலையை என் கடையில் வந்து சொல்கிறாரே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. அதனாலேயே ஒப்புக்கொண்டேன்.

அது யாருடைய கார் என்று பிறகுதான் சொன்னார். அவர் தம்பி சவரிமுத்து, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ரேஸ் குழுவில் மெக்கானிக்காக இருந்தவர். முதல் நாளிலிருந்து அவர் பொறுப்பில் இருந்த கார் எட்டாம் நம்பர். அது ஓடிய முதல் பந்தயத்திலேயே வலது பக்க முன்சக்கரம் கழன்று ஓடிவிட்டது. ஓட்டியவருக்குக் காயமில்லை. ஆனால் நட்டை முடுக்கவில்லை என்று சவரியின் மேல் பழி விழுந்தது, வேலையும் போனது. அதோடு மணலூர்பேட்டைக்கு வந்து கரும்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். முடுக்கினேன் என்று முதலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர், வருஷம் போகப் போக, முடுக்கினேனா இல்லையா என்று தனக்கே தெரியவில்லை என்று ஒரு நாள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. டிராக்டரில் ஒரு நட்டை முடுக்கினால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.

"நான் நம்பறேன்டான்னு எத்தினி வாட்டி சொல்றது? காதுல ஏறல. அதான் செஞ்சிக்கினு இருக்கேன். நாலு சக்கரமும் இருக்குற காரு. தூக்கிப் போட்டாலும் போடட்டும்" என்றார் ஆரோக்கியராஜ்.

அந்தக் காருக்கு இருந்தது ஒரே ஒரு படம். சவரி அதன் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் உடம்பு காரின் மூக்கை மறைத்துவிட்டது. மற்றதை வைத்து வேலை செய்தோம். பல்லின் நிறம் பார்க்க டாக்டர்கள் வைத்திருக்கும் மாதிரிப் பல் வரிசையைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, காரின் வெள்ளை இதுதான் என்று முடிவு செய்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பக்கவாட்டுப் பட்டையின் சிவப்புக்கு என் உயிரை எடுத்துவிட்டார். நான் அடித்துக் கொடுத்ததை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். "மஞ்ச கொஞ்சம் ஜாஸ்தி." மறுபடி அடிப்பேன். "இப்ப கம்மி." ஒரு கட்டத்தில், டாக்டரே, இந்தச் சிவப்பை நான் என் ரத்தத்தில்தான் கலக்க வேண்டும் என்று கத்திவிட்டேன். "அதுல நீலம் ஜாஸ்தி" என்றார், சிரிக்காமல்.

எது அடித்தாலும் அவருக்கு இரண்டு பிரதி வேண்டும். "ரெண்டா அடி ஏழுமல. ஒண்ணு கிழியத்தான் போவுது." பல்லுக்கும் அப்படித்தான், எந்த வாய்க்கும் அச்சை இரண்டாக வார்த்து ஒன்றை அலமாரியில் வைத்திருப்பார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், ஓடையில் பல்செட்டை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றபோது, திரும்ப அளவெடுக்கச் சொல்லாமல் அலமாரியிலிருந்தே எடுத்துச் செய்து கொடுத்தார். ஆரோக்கியராஜ் சொன்னபடியே, எட்டாம் நம்பரை ஒட்டும்போது முதல் பிரதி பிரஷ் பட்டதும் கிழிந்தது. இரண்டாவதுதான் காரில் உட்கார்ந்தது. ஓட்டுநர் பெயர் இருக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. படத்தில் அது தெரியவில்லை. தம்பியிடம் கேட்கவும் முடியாது.

ஆரோக்கியராஜின் பேத்திக்கு ஞானஸ்நானம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சவரி வருவார், அன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். ஒட்டியதெல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று காரை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் போனார். அந்த வாரத்தில்தான் ஆயுத பூஜையும் வந்தது. லேபில் ஆயுத பூஜை அஞ்சலை அக்காவின் பொறுப்பு.

சனிக்கிழமை காலை ஆரோக்கியராஜ் போட்ட சத்தம் என் கடைவரை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பல் தேய்க்கும் மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம், கம்ப்ரஸருக்குச் சந்தனம் குங்குமம், ஜன்னல் ஓரத்தில் இருந்த எட்டாம் நம்பருக்கும் மூக்கில் சந்தனம் குங்குமம். ஆரோக்கியராஜ் காரைக் கையில் எடுத்தார்.

"யாரக் கேட்டு வெச்ச?"

"வண்டிக்குப் பொட்டு வெக்க யாரக் கேக்கணும்? நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்க, சரி. வண்டி இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றார் அஞ்சலை அக்கா. "சக்கரத்துல எலுமிச்சம்பழமும் வெச்சிருப்பேன். பழம் வண்டியவிடப் பெருசா இருக்குதேன்னு வுட்டுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்தார். சந்தனம் போனது, குங்குமம் வெள்ளை பெயின்டுக்குள் இறங்கியிருந்தது. அழுத்தித் துடைத்தால் பெயின்ட் வந்துவிடும், திரும்ப அடித்துக் காயவைக்க நேரமில்லை. கொடுக்கவே வேண்டாம் என்று டப்பாவை மூடிவிட்டார். "நாம செய்யற ஒண்ணும் வெளங்காதுய்யா" என்று அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் என்னைப் படுத்தியது இதற்குத்தானா என்று சண்டை போட்டு, பொட்டின் மேலேயே வார்னிஷ் அடிக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, கை கழுவிவிட்டு வந்த தம்பியிடம் ஆரோக்கியராஜ் டப்பாவை நீட்டினார்.

"இன்னாண்ணே, பல்லா?" என்று திறந்தார் சவரி.

காரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். வலது முன்சக்கரத்தின் நட்டை நகத்தால் தொட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஆரோக்கியராஜின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "அந்தக் கறை... அஞ்சலை தெரியாம..." என்று அவர் ஆரம்பித்தார்.

"பொட்டு இன்னும் கொஞ்சம் கீழ இருந்துச்சுண்ணே" என்றார் சவரி.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் காரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அங்க அதான் பழக்கம். வேலையெல்லாம் முடிச்சிட்டுக் கடைசியா பொட்டு வெச்சிட்டு ஒதுங்கிடணும். வெச்சப்புறம் வண்டியத் தொடக் கூடாது. பிள்ளையார் படத்துக்கிட்ட இருந்த குங்குமத்த எடுத்து நான்தான் வெச்சேன். கையெல்லாம் கிரீஸு, தொடச்சிட்டு வெச்சேன்." காரைத் திரும்பப் பஞ்சின் மேல் வைத்துவிட்டு, "நாலு நட்டும் முடுக்கிட்டுத்தாண்ணே வெச்சேன்" என்றார்.

"அதான் எனக்குத் தெரியுமே" என்றார் ஆரோக்கியராஜ். சொல்லிவிட்டுப் பாயசம் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை. மறுநாள் அஞ்சலை அக்காவுக்கு ஒரு புடவை வந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து சவரி என் கடைக்கு வந்தார். மேசைமேல் அந்த டப்பாவை வைத்தார். ஓட்டுநர் பெயர் வரும் இடத்தைக் காட்டி, "இங்க அண்ணன் பேரு அடிச்சிக் குடுங்க" என்றார். ஆரோக்கியராஜ் வாங்கி வைத்திருந்த தாளில் மிச்சம் என்னிடம் இருந்தது. அரிசியில் பாதி நீளத்துக்குப் பெயர் வந்தது. கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். எழுத்து சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

டீ கிளாஸில் தண்ணீர் எடுத்து சவரியே ஊறவைத்தார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன விரல்கள். முதல் பிரதியே சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது, கிழியவில்லை. இரண்டாவது பிரதி என்னிடம் இருக்கிறது. பழக்கத்தில் இரண்டாகத்தான் அடித்திருந்தேன்.