டீலியாவின் சொந்தப் பசு

ஓடைக்கரையில் குந்தி, சிவந்த தண்டுள்ள செடி ஒன்றைக் கிள்ளி மோந்து பார்க்கிறாள் டீலியா மானியன். மூக்கைச் சுளிக்கிற அளவுக்கு நாறினால்தான் அது கூடைக்குள் போகும். மணக்கிற செடியில் மருந்து இருக்காது என்பது அவள் கட்சி.

கானமாரா என்ற மலைப்பகுதியின் அந்தச் சரிவில் எவர் மாடு சிவப்பாக மூத்திரம் போனாலும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். செடியைக் காய்ச்சி, கறுப்பு பீர் பாட்டிலில் ஊற்றி, கொம்பைப் பிடித்துக் கடைவாயில் கவிழ்ப்பாள். "விடிஞ்சா புல்லு மேயும், போய்த் தூங்கு" என்பாள். பெரும்பாலும் மேயும். மேயாவிட்டால், கூப்பிட நாள் கடத்தியவனுக்கு வசவு விழும். மருந்தை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அதிகம் திட்டு வாங்குகிறவன் பக்கத்துப் பண்ணை ஃபெஸ்டி. அவன் மாடுகளுக்குத்தான் அடிக்கடி சீக்கு. கிட்ட நின்று பார்த்துப் பார்த்தே பக்குவமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் கை மட்டும் நடுங்கும்.

போன மே மாதம் அவளுடைய ஒரே பசு சிவப்பாக மூத்திரம் போனது. மருந்து கைவந்தவர் தன் மாட்டுக்குத் தானே கொடுத்தால் பலிக்காது. பறிப்பது, காய்ச்சுவது, ஊட்டுவது எல்லாம் வேறு கையாக இருக்கவேண்டும். வாய் திறந்து வழி சொல்லவும் கூடாது. இதில் அவளுக்கு எள்ளளவும் ஐயமில்லை. நேரே ஃபெஸ்டி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உன் கைதான்டா எனக்கு வேணும்."

"நான் கொட்டிடுவேனே அக்கா."

"கொட்டினா மறுபடி காய்ச்சு."

மூன்று நாளும் கொட்டகைக்கு முதுகைக் காட்டி முற்றத்தில் நின்றாள். உள்ளே பாட்டில் பல்லில் இடிக்கும், பசு செருமும். சால்வை முனையைக் கடித்துக்கொள்வாள். தனிக்கட்டை. பசு போனால் பாலுக்கு என்ன செய்வது என்பதைவிட, பொழுதெல்லாம் யாரிடம் பேசுவது என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை நீர் தெளிந்தது. பசு எழுந்து வாளியை முட்டியது. "மேயப் போகுதுக்கா" என்று ஃபெஸ்டி வெளியே வந்தான். நன்றி என்று சொல்லிவிட்டால் கொடுத்த மருந்து முறிந்துபோகும் என்பதும் அந்த ஊர் வழக்கம்தான். டீலியா அவன் முன்னால் சேற்றில் மண்டியிட்டு, அவிழ்ந்து கிடந்த அவன் பூட்ஸ் கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சாகப் போட்டாள்.