அடியில் விட்ட ஒரு சொம்புத் தண்ணீர்

அப்போது வடக்கனந்தலில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வாரம் ஒரு நாள்தான் வரும். முற்றத்து நீல டிரம்மில் பிடித்து வைப்பேன். மகன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். ஆறு மாத வயிற்றோடு மருமகள் என்னிடம் இருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை டெங்கு என்று பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளை வேறெங்கே அனுப்புவது? தாய் இல்லாத பெண்.

கொசுப்புழு பார்க்க வாராவாரம் வரும் பெண் டிரம்முக்குள் டார்ச் அடித்தாள். புழு நெளிந்தது.

"எல்லாத்தையும் கொட்டிட்டு, தேச்சிக் கழுவுங்க ஆயா."

தண்ணீர் வர இன்னும் நாலு நாள் இருந்தது. கொட்டினால் குடிக்க இல்லை, வைத்திருந்தால் காய்ச்சல். டிரம்மைச் சாய்த்துக் கொட்டினேன். தண்ணீர் தெரு வரை ஓடியது.

"இன்னாக்கா, ரோட்டுல நாத்து வுடப் போறியா?" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். அவளிடமே இரண்டு குடம் வாங்கித்தான் அந்த நாலு நாளையும் ஓட்டினேன்.

குழாயில் தண்ணீர் வந்ததும் டிரம்மை நிரப்பினேன். அடுத்த வாரம் அந்தப் பெண் பார்த்தபோது மறுபடியும் புழு.

"கொட்டவே இல்லியா ஆயா?"

நான் டிரம்முக்குள் குனிந்து பார்த்தேன். மருமகள்தான் பேசினாள்.

"நான் பாத்துக்கினுதாங்க இருந்தேன். கொட்டுனாங்க."

அவள் எனக்காகப் பேசியது இன்னும் சுட்டது. அடியில் ஒரு சொம்பு அளவு விட்டுத்தான் கொட்டியிருந்தேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் தண்ணீர்ப் பாத்திரம் வெறுமையாகக் காயக்கூடாது என்பது எங்கள் வழக்கம். தேய்த்தால் அதுவும் போய்விடும் என்று தேய்க்கவும் இல்லை.

அந்தப் பெண் டிரம்மின் உள்பக்கம் விரலால் தடவிக் காட்டினாள். "கறுப்பா ஒட்டிக்கினு இருக்குதே, அத்தினியும் முட்டை. தண்ணி பட்டா பொரிஞ்சிடும்."

அவள் முகத்தைப் பார்க்காமல், "அடியில கொஞ்சம் வுட்டேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

மருமகளின் வயிற்றைக் காட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"அப்ப ஒரு சொம்புல புடிச்சி மூடி வைங்க. தெனம் மாத்துங்க. டிரம்மு காயட்டும்."

இருந்ததையெல்லாம் கொட்டி, டிரம்மைப் படுக்கப் போட்டு, தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடருமாக இடுப்பு வரை உள்ளே நுழைந்தேன். கண் எரிந்தது. விட்ட மூச்சே முகத்தில் திரும்பி அடித்தது.

"அத்த, அங்கயே குடித்தனம் போட்டுடாதீங்க" என்றாள் மருமகள் வெளியே இருந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

கழுவிக் கவிழ்த்த டிரம் தண்ணீர் வரும்வரை காய்ந்து கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிர்வீட்டில் வாங்கிய தண்ணீரைச் சொம்பில் ஊற்றி, தட்டு போட்டு மூடி, மருமகளின் தலைமாட்டில் வைத்தேன். மத்தியானம் அவள் தூங்கும்போது புறங்கையால் நெற்றியைத் தொட்டேன். சூடு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டேன். பிரசவம் ஆகும்வரை எனக்கு அதுதான் வேலை.