ராத்திரி மாஸ்டர்

முப்பத்திரண்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்குப் பார்க்கின்சன் வந்தபோது, கை நடுக்கத்துக்கு முன்னால் போனது குரல்தான். 'மாஸ்டர்' என்று ஊரே பயந்த மனிதர் தண்ணீர் கேட்டால்கூட அடுத்த ஆளுக்குக் கேட்பதில்லை.

தூங்கினால் மட்டும் கதை வேறு.

ஒருநாள் காலை, மனைவியின் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்ததைப் பார்த்து, "எங்கே இடிச்சுக்கிட்டே?" என்றார்.

"நான் எங்கே இடிச்சேன்? நீங்கதான் பிரேக் போட்டீங்க."

அவள் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. ராத்திரி கண்ணை மூடிக்கொண்டே "பிரேக்! பிரேக்!" என்று வெண்கலக் குரலில் கத்தி உதைக்கிறாராம். பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்த இடத்தில் இப்போது அவள் கால்.

எழுப்பினால் திடுக்கிட்டுக் கையையும் வீசினார். ஒருநாள் அவள் தப்பித்தால் போதுமென்று, "நிறுத்திட்டேன் மாஸ்டர்" என்றாள். உதை நின்றது.

"பயப்படாதீங்கம்மா. நியூட்ரல்ல போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் தூக்கத்திலேயே.

வேறு வழியின்றி அவளும் படுத்தபடியே ஸ்டார்ட் செய்தாள். அன்றிலிருந்து தினமும் வகுப்பு.

கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரே ஒரு பாடம் நடத்தியிருந்தார். தெருமுனை திரும்புவதற்குள் அவர் திட்டிய திட்டில், அவள் இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

"ராத்திரி வர்ற மாஸ்டர் நல்ல மனுஷர். கியர் விழலைன்னாலும், 'பரவாயில்லம்மா, இன்னொரு தடவை'ங்கறார்" என்றாள் அவரிடம்.

"நான் அப்படிச் சொல்லவே மாட்டேனே!"

"அதைத்தான் சொல்றேன்."

அவருக்கு வயிறு எரிந்தது. அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தார். இவர் விழித்திருந்தால் அவன் எப்படி வருவான்? மறுநாள் மத்தியானம் செய்தித்தாள்மேல் கவிழ்ந்து தூங்கியதுதான் மிச்சம்.

நரம்பு டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "கனவு காணும்போது உடம்பு அடங்கிக் கிடக்கணும். இவருக்கு அடங்கறதில்லை. இந்த நோயில வர்றதுதான். ரெண்டு பேருக்கும் தனித்தனிக் கட்டில் போடுங்க, அவரோடது தாழ்வா இருக்கட்டும். பக்கத்துல கண்ணாடிச் சாமான் வேண்டாம். ஒரு மாத்திரையும் தரேன்."

"மாத்திரையை ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பிக்கலாமா டாக்டர்? ரிவர்ஸ் இன்னும் முடியலை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னிக்கே ஆரம்பிக்கணும்மா."

ஆரம்பித்தார்கள். உதை அநேகமாக நின்றது. பேச்சு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வந்தது. அவள் எதிர்க் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்து, கால்மாட்டுப் பலகையைக் கிளட்ச்சாக மிதித்து, மிச்சப் பாடத்தையும் முடித்தாள்.

பிறகு ஒரு பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்த பயிற்சியாளர், "முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"படுத்துக்கிட்டுதான்."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டார். அவள் இருக்கையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக மூடி, முதல் கியரைப் பிசிறில்லாமல் போட்டதும்தான், "ஐயோ, கண்ணைத் திறங்கம்மா!" என்று அலறினார். திறந்தால் அவளுக்குக் கியர் மறந்துபோனது. திறந்துகொண்டு ஓட்டப் பழக ஆறு வாரம் ஆயிற்று. இரண்டாம் தடவை தேர்வில் லைசென்ஸ் கிடைத்தது. அவளுக்கு அப்போது அறுபத்தொரு வயது.

அன்று சாயங்காலம் மாஸ்டர் தயங்கித் தயங்கி, "அந்த ஆள் பேசினதை ஏதாவது பதிவு பண்ணி வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

போனில் இருந்தது. நடுங்கும் கையில் பிடித்துக்கொண்டு மூன்று தடவை கேட்டார். கணீரென்று இருந்தது. கண் கலங்கியதை மறைக்க முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் புருவத்தைச் சுருக்கினார்.

"மேட்டுல வண்டி எடுக்கறதைத் தப்பா சொல்றான்."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவர்கிட்டயே கேளுங்க" என்று அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.