ஒரு கட்டத்தில் இருபத்து நாலு

அந்த டீசல் ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் கட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கால எஞ்சினுக்கென்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை லேப்டாப்போடு இணைத்து, உள்ளே கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கும் எண்களைப் படிப்பதும் திருத்துவதும் அவள் வேலை. "வண்டிக்கு ஜாதகம் பாக்குற அக்கா" என்று ஒரு டிரைவர் கேலியாகச் சொல்லப்போக, அது கட்டம் பாக்குற அக்காவாகி, தேய்ந்து தேய்ந்து கட்டக்காவில் நின்றுவிட்டது. ஷெட்டின் சொந்தக்காரரும் மெக்கானிக்குமான அவள் கணவர் மட்டும் "இந்தாம்மா" என்பார். ஃபோனையும் பதிவு நோட்டையும் தன் ஆட்சியில் வைத்திருந்த நாத்தனாருக்கு அவள் அண்ணி.

அவள் எஞ்சின் பக்கத்தில் வளர்ந்தவள் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், துணி வெட்டுவதற்கு அளவு போடுகிற அறையில் இருந்தவள். நடு அளவுச் சட்டை ஒன்றை வரைந்து கொடுத்தால், அதைச் சின்னவருக்கும் பெரியவருக்கும் கூட்டிக் குறைத்து அட்டவணை போட்டுவிடுவாள். எண்கள் படிக்கட்டு மாதிரி சீராக ஏற வேண்டும். ஒரு படி பிசகினாலும் அந்த அளவுச் சட்டை மட்டும் அக்குளில் பிடிக்கும். தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றியபோது அவள் கூடப் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கணவர் எஞ்சின் கம்ப்யூட்டரைத் திறக்கும் மென்பொருளை வாங்கிவந்து, அதை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?" என்றாள்.

"எவ்வளவு டீசல் குடுக்கணும்னு எஞ்சினுக்கு எழுதி வச்சிருக்காங்க. எனக்கு ஒண்ணும் மண்டையில ஏறல."

அவள் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சைஸ் சார்ட் மாதிரி இருக்கே."

அவர் சிரித்தார். ஆனால் மூன்று நாள் அவள் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. மேல் வரிசையில் இருப்பது எஞ்சின் சுற்றும் வேகம், இடது ஓரத்தில் இறங்குவது உள்ளே வரும் காற்றின் அளவு, இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் இருப்பது அந்தக் கணத்துக்கு விடலாம் என்கிற டீசல் என்று கண்டுபிடித்த பிறகு, அவளுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. காற்றுக்கு மிஞ்சி டீசல் விட்டால் கரும்புகை. குறைத்துவிட்டால் வண்டி சோர்ந்துபோகும். எந்தக் கட்டமும் பக்கத்துக் கட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். வாங்கியபடியே ஓடும் வண்டிகளில் கம்பெனிக்காரர்கள் பலத்தைக் கூட்டக் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பார்கள். அந்த இடத்தை எஞ்சினுக்கு வலிக்காமல் எடுத்துக் கொடுப்பதில் அவள் கெட்டிக்காரி என்று பேர் வந்தது. காடு, மலை, கல்குவாரி என்று ரோடு இல்லாத இடத்தில் ஓடுகிற நாலு சக்கர இழுவை வண்டிகள் அவளைத் தேடி வந்தன. புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு அது இருப்பதாகக் கம்ப்யூட்டரை ஏமாற்றச் சொல்லி வருகிறவர்களை மட்டும் நாத்தனார் வாசலோடு அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் காலையில் மாட்டு டாக்டர் வந்தார். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குப் போய் வைத்தியம் பார்க்கிறவர். பச்சை நிற வண்டி. பழைய வண்டியாகப் போன வருஷம்தான் வாங்கினாராம்.

"கீழ ஓட்டுறப்போ குதிரைங்க. மேல போகப்போகக் கழுதை. பாதி ஏத்தத்துல படுத்துக்குது. கொஞ்சம் பலம் ஏத்திக் குடுங்களேன்," என்றார்.

"ஏத்தம்னா மனுஷனுக்கே மூச்சு வாங்குது டாக்டர், அது மட்டும் என்ன பண்ணும்?" என்றாள் நாத்தனார், நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

"அது வேற மூச்சும்மா. இது நல்லா ஏறிட்டே இருக்கு, திடீர்னு ஒரு எடத்துல விட்டுடுது. கொஞ்சம் போனதும் தானா சரியாயிடுது."

கட்டக்காவின் காது அப்போதுதான் நிமிர்ந்தது. முழுக்கச் சோம்பேறியாக இருக்கிற வண்டிக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் சோம்பலாக இருப்பது வேறு விஷயம். கணவர் காற்றுக் குழாய், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, வடிகட்டி எல்லாவற்றையும் துப்புரவாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவள் கம்ப்யூட்டரில் இருந்ததை எடுத்துப் படித்தாள்.

"இதுல யாரோ ஏற்கெனவே கை வச்சிருக்காங்க," என்றாள். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "ஆனா வேலை தெரிஞ்ச ஆள்தான். சுத்தமா பண்ணியிருக்கான்," என்று பாராட்டவும் செய்தாள்.

மறுநாள் டாக்டரோடு அவளும் மலை ஏறினாள். மடியில் லேப்டாப், பின் சீட்டில் மருந்துப் பெட்டி, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். டாக்டர் கன்றுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். அவள் "ம்" கொட்டியபடி திரையில் ஓடும் கோடுகளையே பார்த்திருந்தாள். பத்தாவது வளைவுவரை ஒன்றுமில்லை. அதற்கு மேல், இரண்டாவது கியரில், ஏற்றம் செங்குத்தாகிற இடத்தில் டீசல் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது.

"இப்ப பாருங்க, படுத்துட்டான்," என்றார் டாக்டர்.

"திரும்பிப் போய் இன்னொரு தடவை ஏறலாமா டாக்டர்?"

ஏறினார்கள். அதே இடம், அதே பள்ளம். நாலு தடவை. ஐந்தாவது தடவை கேட்டபோது டாக்டர், "மேல ஒரு மாடு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்மா," என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும், பள்ளம் விழுந்த வேகத்தையும் காற்றளவையும் வைத்துக்கொண்டு அட்டவணையில் விரலை ஓட்டினாள். புகை வராமல் இருக்க டீசலுக்கு உச்சவரம்பு போடும் அட்டவணை அது. ஒரு வரிசையில் முப்பது, முப்பத்து இரண்டு, இருபத்து நாலு, முப்பத்து ஆறு என்று இருந்தது.

"முப்பத்து நாலு இருக்க வேண்டிய எடத்துல இருபத்து நாலு," என்றாள். "ஒரே ஒரு எண். எந்தப் புண்ணியவான் பண்ணினானோ."

நாத்தனார் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று பழைய பதிவு நோட்டைப் புரட்டினாள். புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, அந்தப் புண்ணியவான் இங்கதான் இருக்கான்."

"எங்க?"

"எனக்கு எதிர்ல. லேப்டாப் வச்சுக்கிட்டு."

நாலு வருஷத்துக்கு முன் ஒரு கல்குவாரிக் காண்ட்ராக்டர் கொண்டுவந்த வெள்ளை வண்டி. இப்போது பச்சை அடித்திருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கட்டக்காவின் முகம் ஜிவ்வென்று சூடானது. தன் லேப்டாப்பில் பழைய கோப்பைத் தேடித் திறந்தாள். அங்கேயும் அதே இருபத்து நாலு அசையாமல் உட்கார்ந்திருந்தது. கணவர் சிரித்துவிடக் கூடாதே என்று ஸ்பேனரைத் துடைக்கப் போனார்.

டாக்டருக்கு அவளே ஃபோன் போட்டு, மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள்.

"நான் ஒரு தடவை சினை மாட்டைப் பாத்துட்டு சினை இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கேன்," என்றார் டாக்டர். "மூணு மாசம் கழிச்சு கன்னுக்குட்டியோட வந்து என் வாசல்ல நின்னுச்சு. வண்டியை எப்பக் கொண்டு வரட்டும்?"

எண்ணைத் திருத்துவது ஒரு நிமிஷ வேலை. திருத்திய பிறகு பச்சை வண்டி அந்த ஏற்றத்தை மூச்சு வாங்காமல் தாண்டியது. ஆனால் அவளுக்கு மனசு ஆறவில்லை. குற்ற உணர்ச்சியை விட, இத்தனை நாள் இது எப்படி யார் கண்ணிலும் படாமல் இருந்தது என்பதுதான் அவளைக் குடைந்தது. இரண்டு நாள் யோசித்துப் பிடித்துவிட்டாள். சமதரையில் டர்போ சட்டென்று காற்றை அள்ளிப் போடும். எஞ்சின் அந்த வரிசையைக் கண் இமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும். உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். பாரத்தோடு மெல்ல ஏறும்போது எஞ்சின் அந்த ஒரு கட்டத்திலேயே தங்கிப் போகும். குவாரி இருந்தது கீழே. காண்ட்ராக்டர் மலைப்பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

"இதே ஃபைலை வேற எத்தனை வண்டிக்குப் போட்டோம்?" என்று கேட்டாள்.

நாத்தனார் எண்ணிச் சொன்னாள். "இதைத் தவிர ஆறு."

"இந்தாம்மா," என்றார் கணவர். "யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லல. நீயாப் போய் ஊரைக் கூட்டணுமா?"

"குறை சொல்லலைன்னா ஒண்ணு, அவங்களுக்குத் தெரியல. இல்லைன்னா தெரிஞ்சும் பொறுத்துக்கிட்டு ஓட்டுறாங்க. எதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

அவள் எதையாவது தெரிந்துகொள்ளக் கிளம்பிவிட்டால் குறுக்கே நிற்பது வீண் என்று கணவருக்குத் தெரியும்.

நாத்தனார் ஒவ்வொருவராக அழைத்தாள். மூன்று பேர் அடுத்தடுத்து வந்து திருத்திக்கொண்டு போனார்கள். ஒருவர், "நல்லா ஓடுறதை எதுக்கும்மா நோண்டுறீங்க?" என்று சலித்துக்கொண்டு கடைசியில் வந்தார். ஒரு வண்டி கைமாறி, எல்லை தாண்டிப் போய்விட்டிருந்தது. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. மலை உச்சியில் இருக்கும் செல்ஃபோன் டவருக்குத் தினமும் ஆட்களையும் பேட்டரிகளையும் ஏற்றிப் போகிறவருடைய வண்டி. மற்றவர்களைப் போல இல்லாமல், அவர் நாலு வருஷமாக அந்தக் கட்டத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் ஏன் வாயே திறக்கவில்லை? கட்டக்கா நேரில் கிளம்பிப் போனாள்.

டவர் டிரைவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். எஞ்சின் சோரப் போகிற இடத்துக்கு ஒரு நொடி முன்னால், பேசிக்கொண்டே, பார்க்காமலே கியரை இறக்கினார். வண்டி முனகாமல் ஏறியது.

"இந்த எடத்துல அது கொஞ்சம் தளரும்க்கா. கியரை மாத்துன்னு சொல்ற மாதிரி. நீங்க அப்படித்தான் வச்சுக் குடுத்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

"நான் வைக்கல. தப்பா எழுதிட்டேன்."

"அப்படியா?" என்று அவர் யோசித்தார். "நான் நாலு பேர்கிட்ட பெருமையாச் சொல்லியிருக்கேனே."

திருத்திக்கொள்ளச் சம்மதித்தார். எட்டாம் நாள் ஷெட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. பழசையே போட்டுக் குடுங்க."

"ஏன், இழுக்கலையா?"

"இழுக்குது. அதான் பிரச்சினை. ஏத்தம் முடியிற எடத்துல ஜல்லி வளைவு ஒண்ணு இருக்கு. முன்னாடி அங்க நடை வேகத்துல வருவேன். இப்ப வண்டி தள்ளிக்கிட்டுப் போய் விடுது. நேத்து பின்சக்கரம் வழுக்கிடுச்சு. பின்னால ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க."

கட்டக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தப்பான எண் ஒன்று ஒருத்தரை ஏற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது, இன்னொருத்தரை வளைவில் காப்பாற்றியிருக்கிறது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு அவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது, கால் பெடலில் எவ்வளவு அழுந்தியிருக்கும், மழை பெய்தால் எப்படி, காலி வண்டியாக வரும்போது எப்படி. அவர் பொறுமையாகச் சொன்னார். நாத்தனார் இடையில் அவருக்கு இரண்டு தடவை தண்ணீர் கொடுத்தாள்.

"தப்பைத் திரும்ப எழுத மாட்டேன்," என்றாள் கடைசியில். "கால் வச்சா எஞ்சின் எவ்வளவு சீக்கிரம் கேக்கணும்னு இன்னொரு அட்டவணை இருக்கு. அதை உங்க காலுக்குத் தகுந்த மாதிரி மெதுவாக்கித் தரேன். பலம் அங்கேயே இருக்கும். நீங்க கேட்டாத்தான் வரும்."

மூன்று நாள் அவரோடு மேலேயும் கீழேயும் போய், ஒவ்வொரு தடவையும் இரண்டு எண், மூன்று எண் என்று மாற்றிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம் ஜல்லி வளைவைத் தாண்டியதும் அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வழக்கமாகக் கியர் இறக்குகிற இடத்தில் அவர் கை கியர்வரை போய், வேலையில்லாமல் திரும்பியதை அவள் கவனித்தாள்.

அதற்குப் பிறகு எந்தக் கோப்பையும் அவள் வண்டியில் ஏறாமல் கொடுத்ததில்லை. எங்கே ஓட்டுவீர்கள், யாரை ஏற்றுவீர்கள், எந்த வளைவுக்குப் பயப்படுவீர்கள் என்று கேட்பாள். "இது என்ன பொண்ணு பாக்க வந்த மாதிரி விசாரணை" என்று சிலர் நெளிவார்கள். எல்லை தாண்டிப் போன வண்டியைத் தேடி அந்தப் பக்கத்து ஷெட்டுகளுக்கெல்லாம் நாத்தனாரை விட்டுச் சேசிஸ் எண்ணோடு செய்தி அனுப்பினாள். வண்டி கிடைக்கவில்லை. ஆனால் தன் தப்பைத் தானே தேடி அலைகிற ஒருத்தி இருக்கிறாள் என்று அங்கேயெல்லாம் தெரிந்துபோனது. அவர்கள் தங்களுடைய கோப்புகளை அனுப்பி, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இப்போது ஷெட்டில் ஷட்டரைத் தூக்கியதும் அவள் செய்கிற முதல் வேலை, முகம் தெரியாதவர்களின் அட்டவணைகளைப் படிப்பது. போன வாரம் வந்த ஒன்றில் ஒரு வரிசை முழுக்க ஒரே எண் இருந்தது. மறதியா, சோம்பலா, இல்லை தனக்குத் தெரியாத ஏதாவது சூட்சுமமா? "இந்த வண்டி எங்க ஓடுது, என்ன ஏத்துது?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள். பதில் வந்ததா என்று நாத்தனாரிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறாள்.