பட்டுக்கு அட்டை தேய்த்த நாள்

அன்றைக்கு ஈப்போவில் அந்தத் துணிக்கடைக்குள் ஐந்து பேர் இருந்தோம். அம்மா, கல்யாணப் பெண்ணான சித்தி, கோலாலம்பூரில் குமாஸ்தாவாக இருந்த மாமா, கடை முதலாளி, பத்து வயதான நான். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த கிரெடிட் கார்டு ஸ்டிக்கரையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வம்பு அதனால்தான் வந்தது.

பெண்ணழைப்புக்குச் சித்தி கட்டும் பட்டு அண்ணன் சீராக வர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். "பணம் ஏதும் கொண்டு வராதே, என்னிடம் அட்டை இருக்கிறது" என்று மாமா கடிதம் போட்டிருந்தார். அம்மாவும் அதை நம்பி, பீடோருக்குத் திரும்பிப் போகிற பஸ் காசை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். எனக்கு அது நம்பும்படி இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் அட்டை என்றால் ஆஸ்பத்திரி அட்டைதான். அதைக் காட்டினால் மாத்திரை தருவார்கள், பட்டா தருவார்கள்?

அம்மா பேரம் பேசினார். பால்மரம் வெட்டுகிற கை, பிடித்தால் விடாது. முந்நூற்று முப்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், விலை சொன்ன புடவை ஒரு மணி நேரத்தில் முந்நூறுக்கு இறங்கியது. அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். பதறிப்போய், பர்ஸிலிருந்த மஞ்சளைத் தேத்தண்ணிக் கிளாஸ் ஓரத்து ஈரத்தில் குழைத்துப் புடவையின் முனையில் தொட்டு வைத்தார். சித்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மாமா அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

முதலாளியின் முகம் வாடியது.

"காசு இல்லையா, தம்பி?"

"அதான் கதவுல ஒட்டி வச்சிருக்கீங்களே லா."

"ஒட்டித்தான் வச்சிருக்கேன். ஆனா இது காசு விலை. அட்டைன்னா முந்நூத்திப் பதினஞ்சு. நூத்துக்கு அஞ்சு வெள்ளி பேங்குக்காரன் புடிச்சிக்குவான்."

"அத எங்க தலையில கட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு, அண்ணே. பேங்குக்கு எழுதிப் போடவா?"

"போடுங்க. வந்து ஸ்டிக்கரப் புடுங்கிட்டுப் போவாங்க. அப்புறம் ஆபீஸ்காரங்க எல்லாம் எதுத்த கடைக்குப் போயிருவாங்க. ஒட்டுனாலும் சூசா, புடுங்குனாலும் சூசா லா, ரெண்டு பக்கமும் தொல்லை."

மாமாவின் அட்டைக்கு முந்நூறு வெள்ளிதான் வரம்பு. சட்டைப் பையில் அவருடைய பஸ் காசு போக இரண்டு வெள்ளி இருந்தது. அம்மா கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அப்ப இது வேணாம் அண்ணே, கொறஞ்ச வெலையில வேற காட்டுங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் எல்லோருடைய கண்ணும் புடவை முனைக்குப் போனது. மஞ்சள் வைத்த பட்டைத் திருப்பிக் கொடுத்தால் பெண்ணுக்கு ஆகாது. அதை வாங்க வேறு வீட்டாரும் வர மாட்டார்கள். சித்தியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"மஞ்ச வச்சிட்டீங்களே, தங்கச்சி" என்றார் முதலாளி. கோபமாக அல்ல, பல் வலிக்காரரைப் போல. கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரி, முந்நூறுக்கே தேய்க்கிறேன். பதினஞ்சு வெள்ளிய கல்யாணம் முடிஞ்சதும் குடுத்தனுப்புங்க."

பிறகு பேங்க் கொடுத்த ஒரு சிறு புத்தகத்தைத் திறந்தார். திருட்டுப்போன அட்டைகளின் எண்களெல்லாம் அதில் இருக்குமாம். வரி வரியாக விரலை ஓட்டி மாமாவின் எண்ணைத் தேடினார். போலீஸ் வரப்போகிறது என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். எண் அதில் இல்லை. இரும்புத் தட்டில் அட்டையை வைத்து, மேலே தாளை வைத்துக் 'கர்ரக், கர்ரக்' என்று தேய்த்தார். அந்தச் சத்தத்தோடு முந்நூறு வெள்ளியும் அவருடைய பெட்டியில் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். இவ்வளவு வாங்கியும் இன்னும் பதினைந்து கேட்கிறாரே, பேராசைக்காரர் என்று தோன்றியது. எனக்குச் சிவப்பு ரிப்பன் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

கல்யாணம் முடிந்ததும் அம்மா பதினைந்து வெள்ளியை எண்ணி மாமாவிடம் கொடுத்து, ஊர் திரும்புமுன் ஈப்போவுக்குப் போய்க் கட்டச் சொன்னார். அடுத்த முறை வரும்போது மாமா எனக்கு ஒரு பள்ளிக்கூடப் பை கொண்டு வந்தார். "ரூல்படி அந்த ஆளுக்கு நாம ஒரு சென்னும் குடுக்க வேணாம். அம்மாகிட்ட சொல்லாத" என்று கண்ணடித்தார். நான் சொல்லவில்லை. சொன்னால் பை போய்விடுமே என்ற பயம். கடன் தீர்ந்துவிட்டது என்று நம்பியே அம்மா கண்ணை மூடினார்.

படிப்பை மறு வருடமே நிறுத்திவிட்டேன். இப்போது சிம்பாங் பூலாயில் ஒரு மளிகைக் கடை, கல்லா பக்கத்தில் டெபிட் கார்டு மெஷின். மாதக் கடைசியில் பேங்க் பிடித்துக்கொண்டது போக என்ன மிஞ்சும் என்று தினமும் கவலை. 'பத்து வெள்ளிக்கு மேல்தான் கார்டு' என்று எழுதி ஒட்டியிருந்தேன். போன வாரம் ஒரு பையன் ஒரு பாக்கெட் சீனியோடு நின்று, "அக்கா, அப்படிக் கேக்கக் கூடாது, ரூல் இருக்கு" என்றான். மாமாவின் அதே குரல். மெஷினை நீட்டினேன்.

அம்மா குறைத்தது முப்பது, பேங்க் எடுத்தது பதினைந்து. அந்த மனிதருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று பத்து வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஈப்போவுக்குப் போய்த் தேடினேன். அந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள், பழைய முதலாளியை யாருக்கும் தெரியவில்லை.

பாக்கி பதினைந்து வெள்ளி.