எதிர்மேட்டுப் படிக்கட்டு

குன்னூரில் வேலாமணி தன் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்மேட்டில் மகள் ராஜப்ரியாவின் வீடு தெரியும். பச்சைத் தகரக் கூரை, கொடியில் காயும் பேரனின் சீருடை, எல்லாம் தெரியும். போகத்தான் முடியாது. அந்த வீட்டுக்கு ரோடு கிடையாது. அடியிலிருந்து உச்சி வரை வெறும் படிக்கட்டு. மகளுக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை ஏறியதோடு சரி. அப்புறம் கம்பளிக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பு பெருத்தது, சர்க்கரை வந்தது, ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கும். ஞாயிற்றுக்கிழமை மகள்தான் இறங்கி வருவாள். வந்தால் ஆயிற்றா? மகளுடைய அடுப்படியில் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்கப் பெற்றவளுக்கு ஆசை இருக்காதா?

இந்த நேரம் பார்த்து மருமகனுக்குக் கோவைக்கு மாற்றல் வந்தது. முழுப் பரீட்சை முடிந்ததும் வீட்டைக் காலி செய்கிறார்களாம். கேட்ட நாள் முதல் வேலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் ஒரு தடவையாவது அந்தப் படியை ஏறிவிட வேண்டும்.

மருத்துவமனையில் சர்க்கரைக்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். சொல்லித் தந்தவள் மனிஷா என்ற பெண். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள், ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னாள், தினமும் நடக்கச் சொன்னாள். வேலாமணி எல்லாம் செய்தாள். வாரங்கள் போயின, படி மட்டும் மசியவில்லை.

"எங்கீங்கம்மா நடக்கறீங்க?" என்று கேட்டாள் மனிஷா.

"மேல் ரோட்டுலிருந்து மார்க்கெட் வரைக்குமுங்க, கண்ணு."

"திரும்பி மேலே வரும்போது?"

"பஸ்ஸுலீங்க. ஏத்தத்துல எந்தக் கிறுக்கச்சி நடப்பா?"

மலையில் பாதிப் பேருடைய நடைப்பயிற்சி இந்த லட்சணம்தான். இறக்கம் முழுக்க நடந்துவிட்டு ஏற்றத்துக்கு பஸ் பிடிப்பார்கள். கேட்டால், தினம் நடக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். மனிஷா சிரித்தே விட்டாள்.

"இறங்கறதும் நல்லதுதானுங்கம்மா. ஆனா நீங்க ஆசைப்படறது ஏறறதுக்கு. அப்ப ஏறித்தானே பழகோணும்? கொஞ்சம் ஏறுங்க, நில்லுங்க, மூச்சு அடங்கட்டும், மறுபடி ஏறுங்க. வெறும் வயித்தோட மட்டும் போகாதீங்க."

அன்றிலிருந்து வேலாமணி பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் தபால் பெட்டி வரை, பிறகு வளைவு வரை. தொடை இரண்டும் கெஞ்சின. "ஏனுங்கம்மா, எங்க பஸ்ஸு மேல கோவமுங்களா?" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கேலி செய்தார். சர்க்கரை கொஞ்சம் இறங்கியது என்று மனிஷாதான் துள்ளினாள். வேலாமணியின் கண் எதிர்மேட்டிலேயே இருந்தது.

காலி செய்வதற்கு முந்தின நாள் காலை, இட்லி தின்றுவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். ஏறினாள், நின்றாள், மறுபடி ஏறினாள். எப்போதும் திரும்பிவிடும் இடம் கீழே போய்விட்டது.

கதவைத் திறந்த ராஜப்ரியா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா! யாருங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க?"

"என்ர காலுதான்."

அடுப்படியில் பாத்திரமெல்லாம் மூட்டையாகியிருந்தது. ஜன்னல் மட்டும் திறந்து கிடந்தது. அதன் வழியே பார்த்தால் நேர் எதிரே வேலாமணியின் வீடு, அவளுடைய அதே ஜன்னல்.

"தெனமும் இங்க நின்னுதானுங்கம்மா பாப்பேன். உங்க ஊட்டுல லைட்டு அணைஞ்சாத்தான் போய்ப் படுப்பேன்" என்றாள் மகள்.

இத்தனை வருஷமும், தான் ஒருத்திதான் பார்த்துப் பார்த்து ஏங்குகிறோம் என்று வேலாமணி நினைத்திருந்தாள்.

"கோயமுத்தூருல எந்த ஜன்னல்ல நின்னு பாப்பே, சாமி?"

மகள் மூட்டையைப் பிரித்து ஒரு தம்ளரை எடுத்தாள். கட்டி வைத்த அடுப்பின் கயிற்றை அவிழ்த்து, சர்க்கரை போடாமல் டீ வைத்துக் கொடுத்தாள். வேலாமணி அதை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். தம்ளர் காலியாகிவிடக் கூடாதே என்றிருந்தது.