ஜெனரலின் இரண்டு பேட்டரிகள்

என் தங்கை புருஷனை எங்கள் ஊரில் ‘ஜெனரல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது; தொழில் தையல். ராணுவம் கழித்துவிட்ட ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாரே, அன்றைக்குக் கிடைத்த பட்டம் அது.

பெருமைக்கு வாங்கியதில்லை. அவருடைய அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. தாயில்லாத பிள்ளையான அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காதான். திங்களும் வியாழனும் மலைக்குக் கீழே இருக்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மழை பிடித்துவிட்டால் எங்கள் சாலைக்கு ஒரு வாடகைக் காரும் ஏறாது. சேற்றுக்கு அஞ்சாத சக்கரமும், உள்ளே படுக்க ஒரு கட்டிலும் இருந்தது இந்த வண்டியில்தான்.

வாங்கியவர் சும்மா இருப்பாரா? கட்டிலுக்கு மெத்தை உறை, ஜன்னலுக்குத் திரை, அக்கா பிடித்துக்கொள்ளக் கைப்பட்டை என்று எல்லாம் தைத்துப் போட்டார். அவர் பட்டன் வைத்தால் சட்டை கிழியுமே தவிர பட்டன் விழாது. அப்படி ஒரு கை.

வண்டிக்குத்தான் வியாதி வந்தது. ஓடும்போது நன்றாக ஓடும். காலையில் சாவியைத் திருப்பினால் முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும். பேட்டரியை இரண்டு முறை மாற்றினார். யாரோ டைனமோ போச்சு என்றதும் அதையும் மாற்றினார். கீழே கடைத்தெருவில் வண்டி எலக்ட்ரீஷியன் என்று போர்டு மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒரு போன் இல்லை! மச்சானைத் தொந்தரவு பண்ணக்கூடாதாம். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கைதான் கூப்பிட்டாள். “அண்ணா, வியாழக்கிழமை வண்டி கிளம்பல. அக்கா போக முடியல. இப்ப, இனிமே ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னு அடம் பிடிக்கறாங்க. நாளைக்கும் போகலன்னா என்ன ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பயமா இருக்குண்ணா.”

போட்டது போட்டபடி, கருவிப் பெட்டியையும் கடையிலிருந்த இரண்டு பேட்டரிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா முன்னறையில் தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது.

“வந்துட்டீங்களா தம்பி? அந்த வண்டிய விட்டுடுங்க. அவன் மிஷின்ல உக்காந்து எத்தன நாளாச்சு! எந்நேரமும் வண்டிக்கு அடியிலயே கெடக்கறான். எனக்காக ஒருத்தன் இப்படிச் சாகணுமா? ஆஸ்பத்திரிக்கும் சொல்லிட்டேன், வரலன்னு.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

ராணுவ வண்டி நம் கார் மாதிரி இல்லை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாகக் கோத்து இருபத்துநாலாக ஓடும். நான் கொண்டுபோன பேட்டரிகளிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டு, ஒயரை எடுத்தபின் வண்டியின் பேட்டரிகளில் சார்ஜ் பார்த்தேன். வண்டியின் சார்ஜ் முள் பச்சையில் நின்றது. என் மீட்டரில் இருக்கவேண்டிய இருபத்தெட்டு வோல்ட். ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது. எஞ்சினை அணைத்து, சார்ஜ் ஏற்றும் டைனமோவைக் கழற்றினேன். ஆற்றுத் தண்ணீரில் முங்கினாலும் நனையாதபடி ராணுவத்தில் அதை மூடி வைத்திருந்தார்கள். திறப்பதற்குள் கை வீங்கியது. உள்ளே எல்லாம் சுத்தம். திரும்பப் பூட்டினேன். எர்த் ஒயர்களைச் சுரண்டித் துடைத்தேன். மறுபடி கிளப்பி நெடுநேரம் ஓடவிட்டேன். அதே இருபத்தெட்டு. மதியம் தாண்டிவிட்டது.

தங்கை கொடுத்த டீயோடு சீட்டுக்கு அடியில் குனிந்து ஒரு பேட்டரியில் கை வைத்தேன். சுட்டது. பக்கத்து பேட்டரி குளிர்ந்து கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தனித்தனியாக அளந்தேன். ஆளுக்குப் பதினாலு இருக்க வேண்டியது, சூடானதில் பதினாறு, மற்றதில் பன்னிரண்டு. கூட்டினால் இருபத்தெட்டு, அடப்பாவி, அதுதான் முள் பச்சையிலேயே நின்றிருக்கிறது! சூடானதன் மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றித் தகடு தெரிந்தது. குளிர்ந்த பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு மெல்லிய ஒயர் மெத்தைக்கு அடியில் ஓடியது. இழுத்துப் பார்த்தேன். கட்டில் தலைமாட்டில் ஒரு சின்ன ஃபேன், ஒரு விளக்கு.

“மாப்ள, இது யாரு வேல?”

“நான்தான் மச்சான். அக்காவுக்கு உள்ள மூச்சு முட்டும். கடையில இருபத்துநாலுக்கு ஃபேன் கிடைக்கல. அதான், ஒண்ணுலேர்ந்து மட்டும் எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போதும் அவ படுத்திருந்தா போட்டு வச்சிருப்பேன்.”

“அட கடவுளே! ரெண்டு பேரு சேர்ந்து தூக்கற பாரத்துல, ஒருத்தன் தலையில மட்டும் இன்னொரு மூட்டைய ஏத்தினா? அவன் பட்டினி கெடக்கான், இவனுக்கு ஊட்டி ஊட்டி வயிறு வெடிக்குது. நீங்க பட்டினிக்காரன மட்டும் மாத்திட்டே இருந்திருக்கீங்க.”

ஜெனரல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப அவ வியாழக்கிழமை போக முடியாம போனது என்னாலயா?”

கோபமாக இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். ஒயரைக் கழற்றி, நான் கொண்டுவந்த ஜோடியையே ஒன்றுபோல மாட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் அக்காவைக் கிளப்புவதற்குள் தங்கைக்குத் தொண்டை கட்டிவிட்டது. “இன்னிக்கு ஒரு தடவ வாங்க. வழியில நின்னா அதுக்கப்புறம் உங்க இஷ்டம்” என்றாள். அந்தப் பேச்சில் சம்மதித்துத்தான் அக்கா ஏறினாள். ஃபேனுக்குப் பதிலாகத் திரைகளை விலக்கி, ஜன்னல்களைத் திறந்துவைத்து மலை இறங்கினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைக்க ஜெனரலுக்குக் கை வரவில்லை.

“அணைங்க மாப்ள.”

“மறுபடி எடுக்கலன்னா, மச்சான்? அவ இனி ஏறவே மாட்டா.”

“அணைங்கன்னா அணைங்க.”

அணைத்தார். அக்கா டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

நர்ஸ் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். அக்காவின் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. கட்டிலில் ஏற்றிவிட்டோம். ஜெனரல் சாவியைத் திருப்பினார். ஒரே இழுப்பு. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

நர்ஸ் கதவைப் பிடித்தபடி தயங்கினாள். “இனிமே வரமாட்டேன்னு சொல்லியிருந்தீங்களாமே? டயாலிசிஸ்ல உங்க இடத்த வேற ஆளுக்குக் கொடுத்துடலாமா?”

ஜெனரல் திரும்பிப் பார்த்தார். அக்கா கைப்பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“யாருக்கும் கொடுத்துடாதம்மா. வியாழக்கிழமை வந்துடறேன்.”